வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து இருக்கு, எச்.ஐ.வி.க்கு ஏன் இல்லை?

நாமக்கல்னு சொன்னா எல்லாருக்கும் ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு முட்டை, இன்னொண்ணு லாரி. (ஆஞ்சநேயரை விட்டுட்டியேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, அவர் கணக்குக்கு அப்பாற்பட்டவர் :-)) இந்த ரெண்டுக்கும் எச்.ஐ.வி. வரலாற்றுக்கும் தொடர்பு இருக்குன்னு சொன்னா, லாரியை ஒத்துக்குவீங்க. முட்டைக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆரம்பிச்சு வெச்சது மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கிற என் மாமா ஒருத்தர். "ஏனுங்க மாப்ள, குஞ்சுக்குக் கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு விட்டுட்டமுன்னா வெள்ளைக்கழிச்சல் கிட்ட வரமாட்டேங்குது. நெலாவுக்கே மனுசன் போயிட்டு வந்துட்டான். இந்த எய்ட்சுக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க நாப்பது வருசம் பத்தலீங்களா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனா அவர் ஒப்பிட எடுத்துக்கிட்ட கோழி நோய் வேற. எச்.ஐ.வி.யோட ஒப்பிட வேண்டிய நோய் இன்னொண்ணு இருக்கு. அதுவும் கோழிக்கு வர்றதுதான். அங்க போறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊர்க்கதை.

*

1986-ல சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார்கள். பரிசோதிக்கிற வசதி சென்னையில் இல்லை. ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். சில மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி இருக்குன்னு முதன்முதலா உறுதியானது அப்போதான். அந்த வருஷம் மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். அது வெளிநாட்டுக்காரன் வியாதி, நமக்கு வராதுன்னு நம்பிக்கிட்டிருந்த காலம். பல பேர் ஒத்துக்கவே இல்லை.

அதுக்கு அடுத்த பத்து வருஷத்துல நம்ம பக்கத்துக் கதை ஆரம்பிக்குது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துல லாரி இல்லாத சொந்தபந்தம் கிடையாது. பாடி கட்டுற பட்டறை, டேங்கர், ரிக் வண்டின்னு ஊரே சக்கரத்து மேலதான் ஓடும். லைனுக்குப் போனா டிரைவர் திரும்பி வர வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு. நெடுஞ்சாலையோட கூடவே கிருமியும் வந்தது. 1997 ஜனவரி 1-ல சேலத்துல இருந்து பிரிஞ்சு நாமக்கல் தனி மாவட்டமா ஆனப்போ, எச்.ஐ.வி. பேச்சு வந்தாலே எங்க ஊர் பேரும் சேர்ந்து வர்ற நிலைமை. ஊருக்குப் பேர் கெட்டுப்போச்சு. பொண்ணு குடுக்கவும் எடுக்கவும் யோசிச்சாங்க.

பழி மட்டும்தான் ஊர் பேர்ல வந்துச்சுன்னு இல்லை. எதிர்த்து நின்னதும் இங்க இருந்துதான். நாமக்கல் பக்கம் ஒரு லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு, கல்யாணத்தின் மூலமா தொற்று வந்த கௌசல்யா பெரியசாமி, ஊரைப் பார்த்து முகத்தை மூடிக்கலை. 1998-ல தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கிட்டு பாசிட்டிவ் உமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1994-ல தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 1995-ல அடையாறு வி.எச்.எஸ். நடத்திய ஏபாக் திட்டம் வந்தது. லாரி நிறுத்துற இடங்கள்ல ஆணுறையும் தெருக்கூத்தும் வந்தது. 2000-களின் தொடக்கத்துல சுவர் சுவரா "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு கேட்டதை நம்ம வயசுக்காரங்க யாரும் மறந்திருக்க முடியாது. புள்ளிராஜாங்கிற பேர் இருக்கிற நிஜ மனுஷங்கள நினைச்சா பாவமா இருக்கும்!

தடுக்கிற வேலை நடந்தது. ஆனா வந்தவங்களுக்கு? "மருந்து எப்போங்க வரும்?"

*

இந்தக் கேள்விக்கு ஒரு முறை தேதி குறிச்சே பதில் சொன்னாங்க. 1984 ஏப்ரல் 23-ம் தேதி அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர், எய்ட்ஸுக்குக் காரணமான கிருமி கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்த மேடையிலேயே, இன்னும் ரெண்டு வருஷத்துல தடுப்பூசி சோதனைக்குத் தயாராகும்னு நம்பிக்கை தெரிவித்தார். அதுல பொய் எதுவும் இல்லை. அம்மை, போலியோ எல்லாத்தையும் ஜெயிச்ச தெம்பு. கிருமி கையில் கிடைச்சா மருந்து தானா வரும்ங்கிறதுதான் அதுவரைக்கும் பார்த்த அனுபவம்.

நம்ம வெள்ளைக்கழிச்சல் (பண்ணைக்காரங்க ராணிக்கெட்னு சொல்றது) அந்த அனுபவத்துக்கு நல்ல உதாரணம். அந்த நோய் வந்த பிறகு அதுக்கும் மருந்து கிடையாது, கவனிச்சீங்களா? ஆனா செத்தது போக மிச்சம் பிழைச்ச கோழி, கிருமியை முழுசா விரட்டிடும். மறுபடி வந்தாலும் தாங்கும். அதாவது எப்படி ஜெயிக்கிறதுன்னு கோழியோட உடம்புக்கே தெரியும். சொட்டு மருந்து செய்யறது என்னன்னா, வீரியம் குறைஞ்ச கிருமியைக் காட்டி அந்த வித்தையை முன்கூட்டியே சொல்லிக் குடுக்கறதுதான்.

எச்.ஐ.வி.யில இடிக்கிற இடம் இதுதான். தொற்று வந்த பிறகு தன் உடம்பு பலத்தாலேயே அதை முழுசா விரட்டி ஜெயிச்ச ஆள்னு வழிகாட்டிக்கு எடுத்துக்க யாரும் கிடைக்கலை. வித்தையே தெரியாதப்போ அதை எப்படிச் சொல்லிக் குடுக்கறது? சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்துல கூட 2006-ல ஒரு எச்.ஐ.வி. தடுப்பூசியோட முதல் கட்டச் சோதனை நடந்தது. உலகம் பூரா இப்படிப் பல சோதனைகள். தென் ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய சோதனை 2020-ல பலன் இல்லைன்னு நிறுத்தப்பட்டது. அடுத்த பெரிய சோதனையும் 2023-ல அப்படியே முடிஞ்சது.

சரி, ஏன் உடம்பால விரட்ட முடியலை? இப்போதான் சரியான கோழி உள்ள வருது.

*

1909-ல நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு ஒருத்தர் ஒரு கோழியைத் தூக்கிக்கிட்டு வந்தார். நெஞ்சுல பெரிய கட்டி. அங்க இருந்த இளம் ஆராய்ச்சியாளர் பெய்டன் ரௌஸ் அந்தக் கட்டியை அரைச்சு, செல்லும் பாக்டீரியாவும் நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டி, அந்தச் சாற்றை நல்ல கோழிக்குப் போட்டார். அதுக்கும் கட்டி வந்தது. 1911-ல எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி புற்றுநோயைக் கொண்டுவருதுன்னு சொன்னதை அப்போ பெரும்பாலானவங்க கண்டுக்கலை. கோழிக்கு வர்றது மனுஷனுக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க. 55 வருஷம் கழிச்சு, 1966-ல அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. அப்போ அவருக்கு வயசு 87. (நம்ம ஊர் ஓய்வூதியக் கோப்பே தேவலை போல!)

அந்தக் கோழிக் கிருமியை வெச்சு வேலை பார்த்த இன்னொருத்தர் ஹோவர்ட் டெமின். இந்தக் கிருமிகிட்ட இருக்கிறது ஆர்.என்.ஏ. ஆனா தொற்றின செல் பிரிஞ்சு பிரிஞ்சு வளர்ந்தாலும் எல்லாப் பேரச்செல்லிலும் கிருமியோட குணம் நிலைச்சு நிக்குது. அப்படின்னா கிருமி தன்னை டி.என்.ஏ.வா மாத்தி எழுதி, கோழியோட சொந்த டி.என்.ஏ.வுக்குள்ளயே ஒட்டிக்குதுன்னு 1964-ல சொன்னார். டி.என்.ஏ.ல இருந்து ஆர்.என்.ஏ. வரும், திரும்பிப் போகாதுங்கிறது அன்னைக்குப் பாடம். அதனால டெமினை யாரும் நம்பலை. 1970-ல டெமினும் மிசுடானியும் ஒரு பக்கம், டேவிட் பால்டிமோர் தனியா இன்னொரு பக்கம், அந்தத் தலைகீழ் வேலையைச் செய்யற நொதியைப் பிடிச்சே காட்டினாங்க. அதுக்குப் பேர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். 1975-ல நோபல்.

அடுத்ததைக் கேளுங்க. 1983-ல பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துல பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோன்டானியேயும் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சது எப்படி? ஒரு நோயாளியோட நிணநீர்க் கட்டியில இருந்து வளர்த்த செல்கள்ல இதே நொதியோட வேலை நடக்குதான்னு பார்த்துத்தான். 1987-ல வந்த முதல் மருந்து ஏ.இசட்.டி. எதைத் தடுக்குது? இதே நொதியைத்தான். கோழியில கத்துக்காம இருந்திருந்தா எய்ட்ஸ் என்ன கிருமியால வருதுன்னு கண்டுபிடிக்கவே இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

ஆனா அதே கோழி ஒரு கெட்ட செய்தியும் சொல்லிட்டுத்தான் போச்சு. இந்த வகைக் கிருமி உடம்புக்குள்ள வந்து தங்கற விருந்தாளி இல்லை. வீட்டுப் பத்திரத்துலயே தன் பேரை எழுதிக்கிற ஆள்.

*

எச்.ஐ.வி. எந்தச் செல்லோட பத்திரத்துல எழுதிக்குதுங்கிறதுதான் கொடுமை. சிடி4 செல்கள். நம்ம உடம்புப் படையோட மேஸ்திரி மாதிரி. அதுல ஒரு பகுதி ஞாபகச் செல்கள். சின்ன வயசுல போட்ட தடுப்பூசி முப்பது வருஷம் கழிச்சும் வேலை செய்யுதுன்னா, இந்த மாதிரிச் செல்கள் வருஷக்கணக்கா சும்மா தூங்கிக்கிட்டு, எதிரி வந்தா மட்டும் எழுந்திரிக்கிறதாலதான். உடம்பு எதை நீண்ட நாள் பத்திரமா வெச்சுக்கணும்னு நினைக்குதோ, அதுக்குள்ளயே போய் எச்.ஐ.வி. உட்கார்ந்துக்குது. செல் தூங்கினா கிருமியும் தூங்கும். வெளியில எந்த அடையாளமும் தெரியாது. அதனால படைக்கும் தெரியாது, மருந்துக்கும் தெரியாது.

1996-ல மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற முறை வந்தப்போ சாகக் கிடந்தவங்க எழுந்து நடந்தாங்க. ரத்தத்துல கிருமியே தட்டுப்படலை. ரெண்டு மூணு வருஷம் சாப்பிட்டா முழுசா போயிடும்னு கூட அப்போ கணக்கு போட்டாங்க. மறு வருஷமே, 1997-ல, தூங்குற செல்களுக்குள்ள கிருமி அப்படியே இருக்கிறது தெரிஞ்சுபோச்சு. பத்து லட்சம் தூங்கும் செல்லுக்கு ஒண்ணுங்கிற அளவுலதான் எழுந்து பெருகக்கூடிய கிருமி இருக்கு. ஆனா அந்தக் கையிருப்பு பாதியாகவே 44 மாசம் ஆகுது. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே அது தானா தீரணும்னா 70 வருஷத்துக்கு மேல ஆகும்னு கணக்கு. அதுக்குள்ள அந்தச் செல் ரெண்டாப் பிரிஞ்சா கிருமியும் ரெண்டு.

லாரிக்கார பாஷையில சொன்னா, மாத்திரைங்கிறது செக்போஸ்ட். ரோட்டுல ஓடற ஒரு வண்டியையும் விடாது. செட்டுக்குள்ள நிக்கிற வண்டியை செக்போஸ்ட் என்ன செய்ய முடியும்? செக்போஸ்ட்டை எடுத்த அன்னைக்கு அது வெளியே வரும். மாத்திரையை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துலயே கிருமி திரும்ப வந்துடுது. வந்தா சும்மா வராது. மருந்து இல்லாத உடம்புல ஒரு நாளைக்கு 1000 கோடி அளவுக்குப் பெருகும். அந்த நொதி எழுத்துப்பிழை திருத்தாம எழுதற ஆள்ங்கிறதால, தினமும் புதுசு புதுசா உருவம் மாறும். அரைகுறையா மாத்திரை சாப்பிட்டா அந்த மாத்திரைக்கே பிடிபடாத உருவம் ஒண்ணு தேறிடும்.

*

இதைத் தெரிஞ்சுக்கறது ஏன் முக்கியம்னு எனக்கு ஒருத்தர் மூலமாத்தான் புரிஞ்சது. ஊர் பேர் வேண்டாம். எங்களுக்கு அண்ணன் முறை. டேங்கர் டிரைவர். அரசு மாத்திரையை ஒழுங்கா ரெண்டு வருஷம் சாப்பிட்டார். ரத்தத்துல கிருமி கண்டறிய முடியாத அளவுன்னு ரிப்போர்ட். அப்போ ஒரு வைத்தியர் கிடைச்சார். "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்க, என் மருந்தை ஒரு மண்டலம் சாப்பிடுங்க, அப்புறம் டெஸ்ட் எடுங்க, கிருமி இருக்காது." அண்ணன் பணம் கட்டினார். வைத்தியர் கொஞ்ச நாள்லயே ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டினார். கிருமி இல்லை! இவர் தட்டு நிறைய பழத்தோட போய்க் கும்பிட்டுட்டு வந்தார்.

அந்த ரிப்போர்ட் பொய் இல்லை. அதுதான் விஷயம். ரெண்டு வருஷம் அரசு மாத்திரை செஞ்ச வேலையோட மிச்சம் அது. செட்டுக்குள்ள நின்ன வண்டி இன்னும் ரோட்டுக்கு வரலை, அவ்வளவுதான். எட்டு மாசம் கழிச்சு டி.பி.யோட படுத்தார். வண்டியை வித்தாங்க. நல்லவேளை, மனைவி விடாப்பிடியா மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைச்சுக்கிட்டுப் போனதால இன்னைக்கு இருக்கார். இப்படி ஒரு வியாபாரம் நடக்கும்னு சட்டத்துக்கே தெரியும். எந்தெந்த நோயைக் குணமாக்குறதா எந்த மருந்தும் சொல்லிக்கக் கூடாதுன்னு மருந்து விதிகள்ல ஜே அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. அதுல முதல் பேரே எய்ட்ஸ்தான்.

இதைச் சொன்னதும் சித்த மருத்துவத்தைத் திட்டறேன்னு நினைக்காதீங்க. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில், ஆங்கில மருந்து யாருக்கும் எட்டாத விலையில இருந்த நாட்கள்ல, ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் கொடுத்து எத்தனையோ பேரைப் பார்த்துக்கிட்டாங்க. சொந்தக்காரன் கைவிட்டவனுக்குப் படுக்கை குடுத்த இடம் அது. 2001-ல சிப்லா கம்பெனி மூணு மருந்தையும் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் உலக விலையே இறங்கிச்சு. அதுக்கு முன்னாடி 10,000 டாலருக்கு மேல. 2004 ஏப்ரல் 1-ல இந்திய அரசு இலவசமா மாத்திரை கொடுக்க ஆரம்பிச்ச எட்டு மருத்துவமனைகள்ல தாம்பரமும் ஒண்ணு. இன்னைக்கு நாமக்கல்லயும் சேலத்துலயும் அரசு ஆஸ்பத்திரியிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்கு.

*

அப்போ யாருமே குணமாகலையான்னா, ஆகியிருக்காங்க. விரல் விட்டு எண்ணிடலாம். முதல் ஆள் டிமோதி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக 2007-லயும் 2008-லயும் பெர்லின்ல எலும்பு மஜ்ஜை மாற்றினாங்க. மஜ்ஜை கொடுத்தவர், எச்.ஐ.வி. நுழையற கதவுகள்ல ஒண்ணான சிசிஆர்5 பிறவியிலேயே இல்லாதவர். பிரவுன் உடம்புல எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020-ல அவர் இறந்தது பழைய புற்றுநோய் திரும்பினதால. அப்புறம் லண்டன்ல ஆடம் காஸ்டியேஹோ, இன்னும் சிலர். எல்லாருமே புற்றுநோய்க்காக அந்தச் சிகிச்சைக்குப் போனவங்க. சிகிச்சையிலேயே உயிர் போற அபாயம் உண்டு. அந்தக் கதவு இல்லாத ஆட்கள் வட ஐரோப்பாவுலயே நூத்துக்கு ஒருத்தர் வாக்குல, நம்ம நாட்டுல அபூர்வம். ஒரு மாத்திரையில நல்லபடியா இருக்கிற டிரைவருக்கு இதைச் செய்ய எந்த டாக்டரும் ஒத்துக்க மாட்டார்.

இன்னொரு கதை மனசைப் பிசையும். அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல 2010-ல பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்த 30 மணி நேரத்துல மருந்து ஆரம்பிச்சாங்க. ஒன்றரை வயசு வாக்குல மருந்து நின்னுபோச்சு. அதுக்கப்புறம் 27 மாசம் கிருமியே காணோம். குணமாயிடுச்சுன்னு உலகமே கொண்டாடினது. 2014 ஜூலையில திரும்ப வந்துடுச்சு. எந்தச் செல்லுல தூங்கிட்டு இருந்ததோ! பத்திரத்துல எழுதின வரியைக் கத்தரிச்சு எடுக்கிற மரபணு வெட்டு முறையையும் மனுஷங்ககிட்ட சோதிச்சாச்சு. 2024-ல வந்த முதல் முடிவுகள்ல, மாத்திரையை நிறுத்தினவங்களுக்குக் கிருமி திரும்பிடுச்சு. கோடிக்கணக்கான செல்லுல ஒண்ணு தப்பினாலும் அது போதும்.

*

இப்போ அந்தச் சரியான கோழி நோய்க்கு வருவோம். லியூகோசிஸ்னு பண்ணைக்காரங்களுக்குத் தெரியும். ரௌஸ் பார்த்த கிருமியோட நெருங்கின சொந்தம். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் சொட்டு மருந்தும் கிடையாது, வந்தா குணமாக்க வழியும் கிடையாது. ஆனாலும் பெரிய முட்டைக்கோழி இனங்கள்ல அதைக் கிட்டத்தட்ட ஒழிச்சுட்டாங்க. எப்படி? தாய்க்கோழியில இருந்து முட்டை வழியா குஞ்சுக்குப் போற சங்கிலியை அறுத்து. முட்டையைப் பரிசோதிச்சு, கிருமி இருக்கிற தாய்க்கோழியைக் கழிச்சுடுவாங்க.

மனுஷன்ல யாரையும் கழிக்க முடியாது, கழிக்கவும் கூடாது. (ஊரும் உறவும் அதைத்தான் செஞ்சு பார்த்தது. அது தப்புன்னு சொல்ல 2017-ல தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.) ஆனா சங்கிலியை அறுக்க நமக்கு மாத்திரை இருக்கு. மருந்தே இல்லைன்னா தாய்கிட்ட இருந்து குழந்தைக்குப் போற வாய்ப்பு நூத்துக்கு 15-ல இருந்து 45 வரை. தாய் சரியா மாத்திரை எடுத்தா 5-க்கும் கீழே. மாத்திரையை ஒழுங்கா எடுத்து ரத்தத்துல கிருமி கண்டறிய முடியாத அளவுல இருக்கிறவர்கிட்ட இருந்து உடலுறவு மூலமா துணைக்குத் தொத்தறது இல்லைன்னு பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டுக்கிற லெனகாபவிர் ஊசியை 2024-ல ஆப்பிரிக்காவுல 2134 பெண்களுக்குப் போட்டுப் பார்த்தாங்க. ஒருத்தருக்குக்கூடத் தொற்று வரலை. அது குணமாக்குற மருந்து இல்லை, ஆனா சங்கிலியை அறுக்குது.

ஆகவே நாப்பது வருஷமா விஞ்ஞானிகள் சும்மா இருக்கலை. கிருமியைக் கொல்றது கஷ்டம்னு இல்லை, அதை தினமும் கொன்னுக்கிட்டுத்தான் இருக்கோம். நம்ம செல்லையும் அதையும் பிரிச்சு எடுக்கறதுதான் இன்னும் கைவராத வித்தை. அந்த வித்தை வர்ற நாள் வரைக்கும், தூங்குறதைத் தூங்கவே வெச்சு ஒருத்தர் பேரன் பேத்தி எடுக்கிற அளவு வாழலாம். அதுக்கு ஒரே நிபந்தனை மாத்திரையை நிறுத்தாம இருக்கறது.

அதனால உங்க தெருவுல யாராவது "ஒரு மண்டலத்துல குணம்"னு நோட்டீஸ் ஒட்டினா, ரிப்போர்ட்டைக் காட்டினா, மாத்திரையை நிறுத்தி எத்தனை மாசம் ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. பதில் அதுலயே இருக்கும்.

பி.கு: சந்தேகம் இருக்கிறவங்க யாரும் யார்கிட்டயும் பேர் சொல்ல வேண்டியதில்லை. 1097-ங்கிற இலவச எண் இருக்கு. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல பரிசோதனை இலவசம், ரகசியம்.